நீந்தத் தெரியாத உடம்பின் வரலாறு

(அரியலூரில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய வாசிப்புக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



கவிதை பத்திப் பேசுவேன்னு நினைச்சுத்தான் என்னைக் கூப்பிட்டிருக்காங்க. நான் நீச்சல் பத்திப் பேசப்போறேன்னு சொன்னதும் சிரிப்பு வந்துச்சு. 'பேங்க் வேலைக்குப் போனதும் ஆளு மாறிட்டாப்ல' என்று பின்வரிசையில் ஒரு தோழர் முணுமுணுத்ததும் கேட்டது. அந்தச் சிரிப்பில் நியாயம் இருக்கு. நீச்சல் குளம்னாலே நம்ம மனசுல வருவது சினிமா பங்களா, நீலத்தண்ணி, பக்கத்துல ஒரு சாய்வு நாற்காலி. குடிதண்ணிக்கே போராடுற சனங்ககிட்ட வந்து நீச்சல் பத்திப் பேசலாமா என்று கேட்டால், பேசணும் என்பதுதான் என் பதில். ஏன்னு சொல்றேன்.

எனக்கு முப்பத்தஞ்சு வயசு. எட்டு மாசமா, வாரத்தில் அஞ்சு நாள், காலையில் ஆறிலிருந்து ஏழு வரைக்கும், ஒரு பயிற்சியாளரிடம் பெரியவர்கள் குழு ஒன்றில் சேர்ந்து நீச்சல் கத்துக்கிட்டு வர்றேன். சேரும்போது எனக்கு ஒரு முழம் கூட நீந்தத் தெரியாது. இன்னிக்கு இருபத்தஞ்சு மீட்டர் குளத்தில் நிக்காம பதினாறு நீளம் போறேன். அது நானூறு மீட்டர். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நீச்சல் என்பது ரத்தத்தில் வருவது இல்லை, நிலம் மாதிரி அதுவும் சாதிவாரியாகப் பங்கு போடப்பட்ட ஒரு சொத்து என்பதை என் உடம்பை வைத்தே தெரிந்துகொண்டேன். அதைத்தான் இங்கே பேச விரும்புகிறேன்.

நம்ம பக்கத்தில் ஒரு பையன் நீச்சல் கத்துக்கிறது எப்படி? பெரம்பலூர் மேட்டு நிலம். ஆறு என்று சொல்லிக்கொள்ள மழைக்காலத்து மருதையாறு, சின்னாறு, வெள்ளாறு. மத்தபடி கிணறுதான். வெங்காயம் போட்டாலும் பருத்தி போட்டாலும் கிணத்துப் பாசனம். சித்திரை வைகாசியில் பள்ளிக்கூடம் லீவு விட்டதும், அப்பனோ சித்தப்பனோ பையன் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி, இடுப்பில் கயிறு போட்டு, கிணத்துக்குள்ள தள்ளிவிடுவார். ரெண்டு நாள் தண்ணி குடிப்பான், மூணாம் நாள் மிதப்பான், பத்தாம் நாள் மேட்டிலிருந்து கரணம் போட்டுக் குதிப்பான். கிராமத்து நீச்சல் என்று எல்லாரும் ஏக்கத்தோடு எழுதுகிற கதை இதுதான். எத்தனை கவிதை, எத்தனை சிறுகதை!

அந்தக் கதையில் ஒரு கேள்வி மட்டும் வராது. கிணறு யாருடையது?

கிணறு நிலத்தோடு சேர்ந்தது. நிலம் இருக்கிறவனுக்குக் கிணறு. கிணறு இருக்கிறவன் பிள்ளைக்கு நீச்சல். எங்க காலனியில் ஒருத்தருக்கும் கிணறு கிடையாது. எங்க தாத்தா அந்த ஊரில் மூணு கிணறு வெட்ட மண் சுமந்திருக்கார், பாறைக்குத் தமர் போட்டிருக்கார், தூர் எடுக்க இறங்கியிருக்கார். தூர் எடுக்க இறங்கும்போது தீட்டு இல்லை, ஏன்னா அப்போ தண்ணி இல்லை. ஊத்து சுரந்ததும் வெளியே வந்துடணும். அதே கிணத்தில் அவர் பேரன் குதிச்சா, தண்ணி இறைச்சு ஊத்தணும்பாங்க. நான் ஏழாம் வகுப்பு படிக்கையில் எங்க தெருப் பையன்கள் நாலு பேர் மதியானத்தில் ஆள் இல்லாத கிணத்தில் இறங்கினாங்க. மேட்டில் கழட்டி வெச்ச துணியைத் தூக்கிட்டுப் போய் ஊர் நடுவில் போட்டாங்க. அம்மணமா தெருவழியா வந்து எடுத்துக்கச் சொன்னாங்க. அதுக்கப்புறம் எங்க தெருவில் எந்த அம்மாவும் பிள்ளையைத் தண்ணிப் பக்கம் விடல. 'தண்ணி இழுத்துக்கும்' என்று பயம் காட்டி வளர்த்தாங்க. இழுத்துக்கிறது எதுன்னு அவங்களுக்குத் தெரியும்.

இதுக்கு மாறானதும் உண்டு. கொள்ளிடக் கரையோரத் தெருக்களில் நம்ம பிள்ளைங்க மீன் மாதிரி நீந்துவாங்க. பெரிய ஏரி உள்ள ஊர்களில் ஊருக்குத் தெரியாம ஒரு மூலையில் பழகியிருப்பாங்க. தண்ணி பொதுவாகக் கிடைத்த இடத்தில் நம் உடம்பு நீந்தியது, கிடைக்காத இடத்தில் நீந்தவில்லை. 'நம்ம ஆளுக்கு உடம்பு கனம், மிதக்காது' என்று என்னிடமே ஒருத்தர் சொன்னார். அமெரிக்காவிலும் கறுப்பர்களைப் பற்றி இதே கதையை ரொம்ப நாள் சொல்லி வந்தாங்க, எலும்பு கனம் என்று. அடைத்து வைத்தவன் குற்றத்தை அடைபட்டவன் எலும்பில் எழுதுவது உலகம் பூராவும் நடப்பதுதான்.

இனி சட்டத்துக்கு வருவோம். இது சலுகை கேட்கிற பேச்சாக இருந்துவிடக் கூடாது.

1924இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலை, பொது அலுவலகம், பொதுக் கிணறு, குளம் எல்லாவற்றிலும் நம் மக்களுக்கு உரிமை உண்டு என்றது. அரசாணையாகவும் வந்தது. பம்பாயில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம் 1923. அதை ஏற்று மகத் நகராட்சி சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாக 1924இல் அறிவித்தது. அறிவிப்பு காகிதத்தில் கிடந்தது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு நடந்து போய்க் குனிந்து தண்ணீரை அள்ளிக் குடித்தார். அதற்குப் பதிலாக அடி விழுந்தது. பிறகு சாதி இந்துக்கள் 108 பானை சாணி, கோமியம், பால், தயிர் ஊற்றிக் குளத்தைத் 'தூய்மை' செய்தார்கள். குளம் தனியாருடையது என்று வழக்குப் போட்டார்கள். உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்ய 1937 மார்ச் வரை ஆனது. ஒரு கை தண்ணீருக்குப் பத்து வருஷம்.

அந்தத் தண்ணீரைக் குடித்தால் நாம் சாகாவரம் பெறப்போவதில்லை, இத்தனை நாள் அது இல்லாமலும் பிழைத்துத்தான் இருக்கிறோம், மற்றவர்களைப் போல் நாமும் மனிதர் என்று நிலைநாட்டவே போகிறோம் என்ற பொருளில் அம்பேத்கர் பேசினார். இதை நாம் தாகத்தோடு நிறுத்திவிட்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது. அரசியல் சட்டம் 15ஆவது பிரிவை எடுத்துப் பாருங்க. கிணறு, குளத்தோடு நிற்கவில்லை. குளிக்கும் படித்துறை என்று தனியாகச் சொல்கிறது. அரசுப் பணத்தில் முழுதாகவோ பகுதியாகவோ பராமரிக்கப்படும் பொது இடங்கள் என்றும் சொல்கிறது. 1955இன் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்திலும் படித்துறை உண்டு. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் ஆறு, ஓடை, ஊற்று, கிணறு, குளம், தொட்டி, படித்துறை என்று வரிசையாக வருகிறது. படித்துறை எதுக்கு? குடிக்க இல்லை. இறங்க. உடம்பு முழுவதும் தண்ணீரில் இறங்க.

நாக்கு தண்ணியைத் தொடுறது ஒரு உரிமை. உடம்பு தண்ணிக்குள்ள இறங்குறது இன்னொரு உரிமை. முதல் உரிமைக்கே இன்னும் பாதுகாப்பு இல்லை. புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் 2022 டிசம்பரில் நம் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்தது எல்லாருக்கும் தெரியும். அதனால் ரெண்டாவதைத் தள்ளிப்போடலாம்னு ஆகாது. ரெண்டுக்கும் அடியில் இருக்கிற பயம் ஒண்ணுதான். டம்ளரைத் தனியா வைக்கலாம், பெஞ்சைத் தனியா போடலாம், சுடுகாட்டைத் தனியா ஒதுக்கலாம். ஒரே குளத்தில் இறங்கிட்டா தண்ணியைப் பிரிக்க முடியாது. என் மேல் பட்ட தண்ணி உன் வாய்க்குள் போகும். சாதிக்குத் தாங்க முடியாதது அது.

நிறவெறிக்கும் அதேதான். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரின் ஃபேர்கிரவுண்ட் பூங்காக் குளத்தைக் கறுப்பர்களுக்கும் திறந்த முதல் நாள், 1949 ஜூன் 21, வெள்ளையர் கும்பல் கூடிக் கறுப்பு இளைஞர்களை அடித்தது. 1964 ஜூன் 18, ஃப்ளோரிடாவின் செயின்ட் அகஸ்டீனில், வெள்ளையருக்கு மட்டுமான விடுதிக் குளத்தில் போராட்டக்காரர்கள் குதித்தபோது, விடுதி முதலாளி அவர்கள் உள்ளே இருக்கையிலேயே அமிலத்தை ஊற்றினான். அந்தப் புகைப்படம் உலகம் முழுக்கப் போனது. மறுநாள் அமெரிக்க செனட் சபை சிவில் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. மிசிசிப்பியின் ஜாக்சன் நகரம் இன்னும் கெட்டிக்காரத்தனமாக நடந்தது. சேர்ந்து குளிக்கச் சொன்னால் யாருக்குமே குளம் வேண்டாம் என்று பொதுக் குளங்களை மூடியது. 1971இல் உச்ச நீதிமன்றம் அஞ்சுக்கு நாலு என்ற கணக்கில் அதைச் சரி என்றது. ஆஸ்திரேலியாவில் மோரீ என்ற ஊரில் பழங்குடிப் பிள்ளைகளுக்கு நகராட்சிக் குளத்தில் தடை. 1965 பிப்ரவரியில் சிட்னி பல்கலைக்கழக மாணவர்கள், பழங்குடி மாணவரான சார்லஸ் பெர்கின்ஸ் தலைமையில் பஸ்ஸில் போய், பிள்ளைகளைக் கையோடு கூட்டிக்கொண்டு குளத்து வாசலில் நின்றார்கள். மாணவர்களே, உங்க வயசுப் பசங்க செஞ்ச வேலை அது.

இந்த வரலாறெல்லாம் தெரிஞ்சு நான் குளத்துக்குப் போகல. என்னைத் தண்ணியில் இறக்கினது என் வேலை. எங்க கிளையில் விபத்துக் காப்பீட்டு மனுக்கள் என் மேசைக்கு வரும். வருஷத்துக்கு இருபது ரூபாய் கணக்கிலிருந்து பிடிப்பாங்களே, பிரதமர் சுரக்‌ஷா பீமா, அது. 2015இல் பன்னெண்டு ரூபாயா ஆரம்பிச்சது, 2022 ஜூனிலிருந்து இருபது. விபத்தில் செத்தால் ரெண்டு லட்சம். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்றிதழ் எல்லாம் சேர்த்து அனுப்பணும். பெரும்பாலும் பைக் விபத்து. அடுத்து வருகிறதில் ஒன்று, 'நீரில் மூழ்கி'. குவாரிக் குட்டையில், கிணற்றில், தடுப்பணையில்.

ஒரு நாள் ஒரு அம்மா வந்தாங்க. பையன் குளிக்கப் போய்ச் செத்துட்டான். பாஸ்புக் கொண்டு வந்திருந்தாங்க, பள்ளிக்கூட உதவித்தொகைக்காகத் திறந்த கணக்கு. வயசு பதினாலு. பதினெட்டு ஆகாத பிள்ளைக்கு அந்தத் திட்டம் கிடையாது. அதை அந்த அம்மாகிட்ட நான்தான் சொல்லணும். 'எதுக்குங்க சார் இல்ல, அவனும் தண்ணியிலதான செத்தான்' என்றாங்க. எனக்குப் பதில் வரல. கணக்கை முடிக்கிற படிவத்தைப் பூர்த்தி செஞ்சு கைநாட்டு வாங்கினேன். அன்னிக்கு ராத்திரி கவிதை எழுத உட்கார்ந்தேன், வரல. அடுத்த வாரம் நீச்சல் வகுப்பில் பேர் கொடுத்தேன்.

இது ஒரு குடும்பத்துத் துயரம் மட்டும் இல்லை. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2021இல் உலகத்தில் சுமார் மூணு லட்சம் பேர் மூழ்கிச் செத்தாங்க. அதில் ஏறக்குறையப் பாதிப்பேர் இருபத்தொன்பது வயசுக்குக் கீழே. இந்தியாவில் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2022க்குக் கொடுக்கும் எண் 38 ஆயிரத்துக்கும் மேல். யார் எந்தத் தெருக்காரர் என்று இந்தக் கணக்கில் பத்தி கிடையாது. ஆனால் கட்டணக் குளத்துக்குப் போக முடியாதவன், சொந்தக் கிணறு இல்லாதவன், சட்டையைக் கழட்டிவிட்டு எந்தத் தண்ணியில் இறங்குவான்? யாரும் காவல் இல்லாத தண்ணியில். அரியலூரைச் சுத்திச் சுண்ணாம்புக்கல் தோண்டின பள்ளங்கள் எத்தனை! விளிம்பு செங்குத்து. காலை வைத்ததும் ஆழம். உள்ளே படிக்கட்டும் இல்லை, பிடிக்க வேரும் இல்லை.

ஒரு விநோதம் பாருங்க. இந்த மண்ணே ஒரு காலத்தில் கடல். பத்துக் கோடி வருஷத்துக்கு முன்னாடி இங்க கடல் அலை அடிச்சிருக்கு. காரை பக்கத்துச் செம்மண் பள்ளங்களில் அம்மோனைட் என்கிற சுருள் நத்தை மாதிரியான கடல் உயிரியின் கல்லெச்சம் இன்னிக்கும் கிடைக்குது. சாத்தனூரில் கல்லாய்ப் போன மரம் கிடக்குது. சிமெண்டுக்குத் தோண்டுற சுண்ணாம்புக்கல்லே அந்தக் கடலின் கிளிஞ்சலும் சிப்பியும்தான். கடலைத் தோண்டி மூட்டை கட்டி வித்தாச்சு. மிச்சம் இருக்கிற குழியில் மழைத்தண்ணி நிக்குது. அதில் நம்ம பிள்ளைங்க.

மருதையாற்றையும் சொல்லணும். 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் பக்கத்தில் மருதையாற்று வெள்ளம் ரயில் பாலத்தை அரித்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே மந்திரி பதவியை விட்டு விலகினார். அந்தக் கதை பாடப்புத்தகம் வரைக்கும் போய்விட்டது. அதே ஆற்றில், பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில், 2020 ஆகஸ்டில் குளிக்க வந்த இளைஞர்கள் நாலு பேர் மூழ்கினார்கள். கரையில் இருந்த மூன்று பெண்கள் கட்டியிருந்த சேலையை அவிழ்த்துத் தண்ணீரில் வீசி, அதைப் பிடிக்கவைத்து ரெண்டு பேரை இழுத்துக் கரை சேர்த்தார்கள். மற்ற ரெண்டு பேரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தச் சுதந்திர தினத்தில் அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுக்கப்பட்டது. விருது சரிதான். ஆனால் அந்த அணையில் ஒரு கயிறு, ஒரு ரப்பர் டியூப் தொங்கியிருந்தால் சேலைக்கு என்ன வேலை? உயிர் காக்கிற பொருள் என்று அந்த இடத்தில் இருந்தது பெண்ணின் மானத்துணி ஒன்றுதான். அந்தப் பெண்கள் உயிர் பெரிசா மானம் பெரிசா என்ற பட்டிமன்றத்தை ஒரே நொடியில் முடித்தார்கள்.

இனி குளத்துக்குள் போவோம். பெரியவர்களுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பது குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பது போல் இல்லை. குழந்தைக்குப் பயம் புதுசு. நமக்கு அது முப்பது வருஷத்துப் பாக்கி, வட்டியோடு.

முதல் வாரம் எங்க கோச் நீந்தவே விடல. இடுப்பளவு தண்ணியில் நிறுத்தி, முகத்தை உள்ளே வைத்து மூச்சை வெளியே விடச் சொன்னார். குமிழி விடுறது, அவ்வளவுதான். 'சார், மூச்சு இழுக்கிறது யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்ல. விடத்தான் சொல்லித்தரணும்' என்றார். பயந்தவன் மூச்சைப் பிடித்து வைப்பான். பிடித்து வைத்தால் தலை தூக்கும்போது விடவும் இழுக்கவும் நேரம் பத்தாமல் தண்ணியைக் குடிப்பான். அப்புறம் சுவரைப் பிடித்துக் காலடி. அப்புறம் பலகை. அப்புறம் மல்லாந்து மிதப்பது.

மிதக்கிற பாடத்தில்தான் நான் ரொம்ப நாள் நின்னேன். நுரையீரலில் காத்து இருக்கிறவரைக்கும் நெஞ்சு மிதக்கும். தலையைத் தூக்கினால் கால் தாழும். பின்னந்தலையைத் தண்ணியில் கொடுத்துவிடணும். கோச் என் பின்னந்தலைக்கும் இடுப்புக்கும் கீழே ரெண்டு உள்ளங்கையை வைத்துத் தாங்கினார். யோசிச்சுப் பாத்தேன். என் சாதியைக் கேட்காத ஒரு ஆளு, குடும்பத்துக்கு வெளியே, என் முழு உடம்பையும் கையில் தாங்கினது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஆஸ்பத்திரியில் கூட நாடி பாக்கிற விரல் ரெண்டுதான். தலையைக் கொடுத்தேன். கையை எடுத்துட்டார். மிதந்தேன்.

கேட்காத ஆளைச் சொன்னேன். கேட்ட ஆளையும் சொல்லணும். எங்க குழுவில் பன்னெண்டு பேர். ஓய்வு பெற்ற வாத்தியார், மின்வாரிய லைன்மேன், சிமெண்ட் ஆலையில் ராத்திரி ஷிப்ட் முடிச்சு வர்ற ரெண்டு பேர், கடைக்காரங்க. ரெண்டாம் வாரம் ஒருத்தர் கேட்டார், 'தம்பிக்கு எந்த ஊரு?' சொன்னேன். 'ஊர்ல எந்தப் பக்கம்?' இந்த ரெண்டாவது கேள்வி நமக்கெல்லாம் தெரிஞ்சதுதானே. 'காலனிங்க. நீங்க எந்தப் பக்கம்?' என்று திருப்பிக் கேட்டேன். அவர் பதில் சொல்லல. மறுநாள் எங்க லேனை விட்டுப் பக்கத்து லேனுக்கு மாறிட்டார். ரெண்டு லேனுக்கும் நடுவில் மிதவைக் கயிறு கட்டியிருக்கு. அந்தக் கயிறு மேலாகத்தான் மிதக்குது, தண்ணிக்குக் கீழே கயிறு இல்லை. அவர் இன்னும் வர்றார், நானும் போறேன். அவர் மனம் மாறிட்டார்னு கதை சொல்ல வரல. எங்கிட்டேருந்து விலகிப் போக அவருக்கு அந்தக் குளத்தில் இடம் இல்லை என்பதைத்தான் சொல்றேன்.

இன்னொரு விஷயம், சொன்னா சிரிப்பீங்க. நீச்சல் குளத்து நெடியைக் க்ளோரின் நெடி என்கிறோம். சுத்தமான தண்ணியில் சரியான அளவு க்ளோரின் போட்டால் அவ்வளவு நெடி வராது. வேர்வையும் மூத்திரமும் க்ளோரினோடு சேர்ந்து குளோரமின் ஆகிறது. கண் எரிவதும் மூக்கு அரிப்பதும் அதால்தான். ஆக, அந்த நெடி அத்தனை பேர் உடம்பும் கலந்த நெடி. வாத்தியார், லைன்மேன், கடைக்காரர், நான், லேன் மாறினவர், எல்லாரும் அதில் உண்டு. அதனால்தான் இறங்குமுன் எல்லாரும் சோப்புப் போட்டுக் குளிக்கணும்னு விதி. 108 பானை கோமியம் ஊத்தித் தூய்மை செஞ்சவங்களுக்கும் க்ளோரினுக்கும் வித்தியாசம் இதுதான். க்ளோரின் கிருமியைப் பார்க்கும், கோத்திரத்தைப் பார்க்காது.

குழு என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. தனியாக நீந்தினால் களைச்சதும் நிறுத்திடுவோம். குழுவில் முன்னால் போறவன் காலடி நுரையைப் பாத்துக்கிட்டே போகணும், பின்னால் வர்றவனுக்கு வழி விடணும். பெரியவர்களுக்கான மாஸ்டர்ஸ் நீச்சலில் இருபத்தஞ்சு வயசிலிருந்து போட்டி உண்டு. அதன் தொடர் நீச்சலில் ஒரு வழக்கம் எனக்குப் பிடிச்சது. நாலு பேர் வயசையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகைப்படி பிரிவு வைப்பாங்க. அறுபது வயசு வாத்தியார் அங்கே பாரம் இல்லை, கணக்கில் சேர்த்தி. இயக்கத்துக்கும் அந்தக் கணக்கு உதவும்.

'இந்த வயசுக்கு மேல எதுக்கு' என்பவர்களுக்கு ஒருத்தரைச் சொல்றேன். முரளிகாந்த் பெட்கர், மகாராஷ்டிராக்காரர், ராணுவத்தில் குத்துச்சண்டை வீரர். 1965 போரில் குண்டு பாய்ந்து இடுப்புக்குக் கீழே செயல் இழந்தார். அதுக்கப்புறம் சிகிச்சையாகத் தண்ணியில் இறங்கினார். 1972இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் நடந்த மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக்கில் ஐம்பது மீட்டர் ஃப்ரீஸ்டைலை 37.33 நொடியில் நீந்தித் தங்கம் வாங்கினார். பாராலிம்பிக்கில் இந்தியாவுக்கு முதல் தங்கம் அது. பயிற்சி என்ன செய்யும் என்பதற்கு இன்னொரு ஆள், ஃபிலடெல்ஃபியாவின் ஜிம் எல்லிஸ். கணக்கு வாத்தியார், கறுப்பர். 1971இல் கறுப்பர் பகுதியில் நகராட்சிக் குளத்தை வைத்து ஒரு நீச்சல் குழு கட்டினார். கறுப்பன் மிதக்கமாட்டான் என்ற நாட்டில், அவர் பிள்ளைகள் ஒலிம்பிக் தேர்வுப் போட்டி வரைக்கும் போனார்கள். தேவைப்பட்டது ஒரு குளம், ஒரு வாத்தியார், தினமும் ஒரு மணி நேரம். எலும்பை யாரும் மாத்தல.

நம்ம பக்கத்தில் தடை எது? நிறைய இடத்தில் போர்டு மாட்டி வெச்சிருக்கிற தடை இல்லை. கட்டணம் ஒரு தடை. காலை ஆறு மணிக்கு கூலி வேலைக்குக் கிளம்புறவனுக்கு அந்த நேரமே தடை. பஸ் இல்லாதது தடை. பெண்களுக்கு உடுப்பு தடை, பார்வை தடை, தனி நேரமும் பெண் பயிற்சியாளரும் இல்லாதது தடை. தண்ணி எடுக்கப் போறது பெண், துணி துவைக்கப் போறது பெண், பிள்ளையைக் கூட்டிப்போறது பெண். தண்ணிக்கு ரொம்பப் பக்கத்தில் நிக்கிறவளுக்குத்தான் நீந்தத் தெரியக்கூடாதுன்னு வெச்சிருக்கோம். இதில் ஊரும் காலனியும் ஒண்ணு. இதை நம்ம வீட்டுக்குள்ளேயே பேசணும், தோழர்களே.

என்ன செய்யலாம்? பெரம்பலூர் மாவட்டத்தில் பத்தில் மூணு பேர் பட்டியல் சாதி மக்கள். அரியலூரில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையக் குளங்கள் நம் வரியில் நடப்பவை, 15ஆவது பிரிவு அங்கேயும் செல்லும். ஆதிதிராவிடர் நல விடுதி மாணவர்களுக்கு அரசுக் குளங்களில் இலவசப் பயிற்சி வேணும். பெண்களுக்குத் தனி நேரம், பெண் பயிற்சியாளர் வேணும். கூலி வேலை செய்பவர்களுக்கு மாலை நேரக் குழு வேணும். கைவிட்ட குவாரிப் பள்ளத்துக்கு வேலியும், ஒவ்வொரு அணையிலும் ஏரியிலும் கயிறும் டியூபும் வேணும். இந்த நாலையும் மனுவாக எழுதி வந்திருக்கேன். கையெழுத்துப் போட்டுத் தாங்க. கூட்டம் முடிஞ்சதும் கலெக்டர் அலுவலகத்துக்கு எப்போ போறதுன்னு பேசுவோம்.

மனுவுக்குப் பதில் வரும்வரைக்கும் பிள்ளைங்களுக்கு நாமே சொல்லித்தர வேண்டியது ஒண்ணு இருக்கு. மூழ்குறவன் பெரும்பாலும் கத்தமாட்டான், சினிமா மாதிரி கை ஆட்டமாட்டான். வாய் தண்ணிக்கு மேல வர்றதே கஷ்டம், சத்தம் எங்கிருந்து வரும்? அமைதியாகத்தான் போவான். பாத்ததும் குதிக்காதீங்க. நீந்தத் தெரியாதவன் குதிச்சா ரெண்டு பிணம். தெரிஞ்சவனையும் அவன் கழுத்தைக் கட்டி இழுத்துடுவான். உதவிக்கு ஆளைக் கூப்பிட்டுக்கிட்டே, கரையில் குப்புறப் படுத்துக் கழியை நீட்டுங்க. எட்டலைன்னா கயிறு, வேட்டி, துப்பட்டா எறியுங்க. அதுவும் இல்லைன்னா மூடி இறுக்கின காலிக் கேனைத் தூக்கிப் போடுங்க, பிடிச்சு மிதப்பான். கரைக்கு வந்தப்புறம் மூச்சு இல்லைன்னா தலைகீழாத் தொங்கவிடாதீங்க, வயித்தை அமுக்காதீங்க. உடனே 108க்குப் போன் போட்டு, வாயில் வாய் வெச்சு மூச்சு ஊதி, நெஞ்சை அழுத்தணும்.

வாயில் வாய் வெச்சு. அந்த இடத்தில் யாரும் ரெண்டாவது கேள்வி கேக்க நேரம் இருக்காது.

ஞாயிறு காலை ஏழு மணிக்குப் புதுசாக் கத்துக்கிறவங்க குழு ஒண்ணு ஆரம்பிக்க எங்க கோச் ஒத்துக்கிட்டார். இருபது பேர் சேர்ந்தா கட்டணத்தைப் பாதியாக்கலாம்னு சொல்லியிருக்கார். மீதியை வசதியுள்ள தோழர்கள் பங்கு போட்டுக் கட்டுவோம். இந்த நோட்டு மேசையில் இருக்கும். பேரும் வயசும் எழுதுங்க, தண்ணிக்குப் பயம் உண்டா இல்லையான்னும் எழுதுங்க. ஊர், தெரு எழுத வேண்டியதில்லை. முதல் பேரா எங்க அம்மா பேரை எழுதியிருக்கேன். வயசு அறுபத்தொண்ணு. பயம் உண்டு.